கொஞ்சம் படிதான்

நான் வாசலூர்பட்டிக்காரன். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறேன். கொல்லிமலைக்கு முதல் தடவை வருகிறவர்களைப் பதினெட்டு வருடமாக ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்தில், ஓர் அம்மாவிடம் பொய் சொன்னேன். அதை மறைக்க இன்னொரு பொய் சொன்னேன். அதையும் காக்க மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் இங்கே சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் அது எனக்கு உரியதுதான்.

முதல் தடவை வருகிறவர்களை எது திகைக்க வைக்கும் என்று எனக்கு மனப்பாடம். காரவள்ளியில் ஏறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் 70. முதல் பத்து வளைவு வரை சிரிப்பார்கள். முப்பதுக்கு மேல் பேச்சு நின்றுவிடும். மேலே சோளக்காடு வந்ததும் குளிர் அடிக்கும். அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டு, "தேயிலைத் தோட்டம் எங்கே?" என்பார்கள். ஊட்டியை நினைத்து வந்திருப்பார்கள். இங்கே சரிவெல்லாம் மரவள்ளி. என் தாத்தா காலத்தில் அதே நிலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்தன. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகத் தொடங்கியதும் நிலம் மாறிவிட்டது. இதை நான் சொன்னால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். ரோட்டோரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும். அதில் சூப் வைப்போம் என்றால் நம்ப மாட்டார்கள்.

அடுத்த கேள்வி எப்போதும் வரும். "நீங்க மலையாளியாமே? தமிழ் நல்லாப் பேசுறீங்களே?" நாங்கள் மலையாளிப் பழங்குடி. மலையை ஆண்டு வாழ்கிறவர்கள் என்று அந்தப் பேருக்குப் பொருள் சொல்லுவோம். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒன்று சுருக்கென்று தைக்கும். வெளியே சிரிப்பேன்.

அந்தத் தைப்பை நான் சேர்த்துவைத்தேன். என் குற்றத்துக்கு வேர் அதுதான் என்று இப்போது தெரிகிறது. தெரியாதவர்கள் வருகிறார்கள், தெரிந்தவன் நான் என்கிற எண்ணம் வளர்ந்தது. அவர்கள் வாய் பிளந்து நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் வந்தது. அதற்காகவே எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் வைத்துக்கொள்வேன். வளைவுகளுக்கு எண் போட்ட பலகை இருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டின் கணக்கு என் வாயில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேலான படி. அதை நான் சொன்னால்தான் உண்டு.

அன்று வந்தது மூன்று பேர். திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், அவருடைய மகள், மருமகன். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. அதுவரை மலையே ஏறியதில்லை. வயலும் வாய்க்காலும் பார்த்த கண். ஒவ்வொரு வளைவுக்கும் என் இருக்கையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மகளும் மருமகனும் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் இருக்கிறவர்கள்.

காலையில் எங்கள் ஊர்ப் படகு இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். சின்ன நீர்நிலைதான். எங்களுக்கு அது பெருமை. மருமகன் இறங்கிப் பார்த்தார். "இதுவா ஏரி? குட்டை மாதிரி இருக்கே" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆகாய கங்கையைக் காட்டி இவர் வாயை அடைக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அதற்கு அப்புறம் அன்று நான் செய்தது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பதில். அந்த அம்மா அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

அருவிக்கு மேலே இருக்கிற அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிற வழியில் மகளிடம் பேச்சுக் கொடுத்தேன். அமெரிக்கா போன புதிதில் எதைப் பார்த்துத் திகைத்தீர்கள் என்று கேட்டேன். பெரிய கட்டடம், பெரிய கடை என்பார் என்று நினைத்தேன். "தெருவுல மனுஷங்களே நடக்கலைண்ணே, அதான்" என்றார். வீடு இருக்கும், கார் இருக்கும், நடைபாதை காலியாக இருக்கும். எப்போதாவது எதிரே ஒருவர் வந்தால் முன்பின் தெரியாதவர்கூட வணக்கம் சொல்லிப் போவார். கடையில் தண்ணீர் கேட்டால் குளிர்காலத்திலும் பனிக்கட்டி போட்டுத் தருவார்கள். இன்னொன்றும் சொன்னார். பக்கத்திலேயே பெரிய மலைக்காடு இருக்கிறதாம், கிரேட் ஸ்மோக்கி. அங்கே நடைபாதை தொடங்கும் இடத்தில் பலகை இருக்கும், எத்தனை மைல் என்று போட்டிருக்கும். "நம்மால முடியுமான்னு நாமே முடிவு பண்ணிக்கலாம்."

இதைக் கேட்டேன். நன்றாகக் கேட்டேன். அந்த நிமிடமே படியின் கணக்கைச் சொல்லியிருக்கலாம். அவராகவே வாசலைத் திறந்துவைத்தார். நான் எங்கள் மலையை ஆண்ட ஓரியின் கதைக்குத் தாவினேன். ஓர் அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

அறப்பளீசுவரரைக் கும்பிட்டார்கள். ஆற்றில் மீனுக்குப் பொரி போட்டார்கள். படி தொடங்கும் இடத்தில் அந்த அம்மா நின்றார். கீழே எட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது, படி வளைந்து போய்விடும். என் பக்கம் திரும்பினார்.

"படி எத்தனை தம்பி இருக்கும்? எனக்கு முட்டி சரியில்லே."

முட்டி சரியில்லை என்று அவர் சொன்னார். இதை நான் மறைக்கக் கூடாது.

"கொஞ்சம் படிதானுங்கம்மா. மெதுவா இறங்கிரலாம்" என்றேன்.

அவர்கள் இறங்காவிட்டால் அன்றைய வாடகை அரை நாளோடு முடிந்துவிடும். அந்தக் கணக்கும் அந்தச் சொல்லில் இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. நான் அந்தப் படியில் இறங்கி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. எனக்கும் முட்டி வலி. என் காலுக்கு ஆகாது என்று தெரிந்து விட்டுவிட்ட படிக்கு அவருடைய காலை அனுப்பினேன். நான் வண்டியில் உட்கார்ந்து தூங்கினேன்.

சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர். தையிலும் ஓடிக்கொண்டிருக்கும். பார்த்திருப்பார்கள். திகைத்திருப்பார்கள். இறங்குவது யாருக்கும் கஷ்டமில்லை. ஏறும்போதுதான் மலை கணக்குக் கேட்கும். இரண்டு மணிக்கு மேல் மருமகன் மட்டும் மூச்சு வாங்க மேலே வந்தார். பாதிப் படிக்கும் கீழே அம்மா உட்கார்ந்துவிட்டார், கால் ஊன்ற முடியவில்லை, அழுகிறார் என்றார்.

என் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். இருபத்திரண்டு வயது. "மாமா சொன்னா வந்திர்றேன்" என்று கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்தான். நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் மேலேயே நின்றேன். ஏறி வருகிறபோது ஈரப்படியில் அவன் கால் வழுக்கியது. நாற்காலியை விட்டிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவன் விடவில்லை. முட்டி திருகிக்கொண்டது.

மேலே வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கடைக்காரர்களும் கோயிலுக்கு வந்தவர்களும் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, இந்த வயசுல இறங்க விடலாமா? சொல்லியனுப்ப மாட்டியா?" என்று கேட்டார்.

"சொன்னேனுங்க. படி ஜாஸ்தின்னு சொன்னேன். அவங்கதான் பார்த்தே ஆவணும்னாங்க."

அந்த அம்மா நாற்காலியில் இருந்தார். என் பேச்சு அவர் காதில் விழுந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் மேல்தான் தப்பு என்று பத்துப் பேர் நினைத்துக்கொண்டிருக்க, அந்தப் பழியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். முதல் பொய்யைவிட இது கொடியது. முதலாவதை யோசிக்காமல் சொன்னேன் என்றாவது சொல்லலாம். இதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அடிவாரத்தில் இறக்கிவிட்டபோது வாடகையோடு காத்திருப்புக் கூலி 400 ரூபாயும் கேட்டு வாங்கினேன். மருமகன் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பையன்களுக்கு மகள் தனியாகப் பணம் கொடுத்தார், கையைப் பிடித்து நன்றி சொன்னார். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா இன்னும் கோல் பிடித்துத்தான் நடக்கிறார், தூக்கி வந்த தம்பிகளை விசாரித்தார் என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் பதில் எழுதவில்லை. வெட்கத்தால் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம்தான். மன்னிப்புக் கேட்டால் பொய் சொன்னேன் என்று எழுத்தில் ஆகிவிடும்.

தையும் மாசியும் எங்களுக்கு மிளகுப் பறிப்புக் காலம். சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏறியிருக்கும். மூங்கில் ஏணி வைத்து ஏற வேண்டும். அந்த வருடம் என் தங்கை மகன் ஏணியில் கால் வைக்கவில்லை. அவனுடைய இரண்டு மாதக் கூலி போயிற்று. தங்கள் மரத்து மிளகையே ஆள் வைத்துப் பறித்தார்கள். தங்கை என்னைக் குறை சொல்லவில்லை. "ஒரு உயிரைக் காப்பாத்தப் போய்த்தானே விழுந்தான்" என்று பெருமையாகச் சொன்னாள். நான் அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, காய்கிற மிளகைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்டான்.

"மாமா, அந்தம்மா கீழ அழுதுட்டே ஒண்ணு சொல்லுச்சு. டிரைவர் தம்பி கொஞ்சம் படிதான்னு சொல்லுச்சுன்னு. நீங்க சரியாத்தானே சொல்லியனுப்புனீங்க?"

"ஆமா மாப்ளே" என்றேன்.

அவன் நம்பினான். குச்சியை எடுத்துக் கோழியை விரட்டினான்.