வெளியேறும் வாசல் யாருடையது?

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளின் கையில் ஃபோனும் வீட்டில் வைஃபையும் கொடுத்திருக்கும் பெற்றோர் பொறுமையாக வாசியுங்கள்.

"விபிஎன் போட்டா நாம யாரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது சேர்" என்று தரம் 10, 11 பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி சொல்கிறார்கள். இது பரீட்சைக்கு வரும் விசயம் இல்லை. ஆனாலும் ஆசிரியர் அறையில் நாங்கள் பலமுறை பேசிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் ஊர்களுக்கு விபிஎன் எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2018 மார்ச்சில் திகன கலவரத்தோடு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடியும். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது இன்னொரு தடவை. 2022 ஏப்ரல் 3இல் போராட்டத்தை அடக்க ஒரு தடவை. ஒவ்வொரு முடக்கத்தின்போதும் ஊரே விபிஎன் தேடியது. அதில் பிழை காண நாங்கள் வரவில்லை. ஊர் எரியும்போது உம்மா வாப்பா பத்திரமா என்று கட்டாரில் இருக்கும் மகன் எப்படித்தான் விசாரிப்பான்?

சரி, அது எப்படி வேலை செய்கிறது? காத்தான்குடியிலிருந்து ஒருவர் கண்டிக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டிக்காரருக்குத் தன் விலாசம் தெரியக்கூடாது. எனவே கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டுக் கொழும்பில் இருக்கும் நண்பருக்கு அனுப்புகிறார். நண்பர் வெளி உறையைக் கிழித்து, தன் விலாசத்தை எழுதிக் கண்டிக்குத் தபாலில் போடுகிறார். காத்தான்குடி தபால்காரருக்குக் கொழும்பு மட்டும்தான் தெரியும். கண்டிக்காரருக்கும் கொழும்பு மட்டும்தான் தெரியும். இந்தக் கொழும்பு நண்பர்தான் எக்ஸிட் நோட். வெளியேறும் வாசல் என்று சொல்லலாம்.

இரண்டு பக்கமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நம் இணையக் கம்பனியிடம் மறைத்ததை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். உள் உறையும் ஒட்டியிருந்தால், அதாவது தளம் எச்டிடிபிஎஸ் பாவித்தால், அவரால் கடிதத்தை வாசிக்க முடியாது. யாருக்குப் போகிறது என்பது அப்போதும் தெரியும்.

டோர் வலையமைப்பு இதைத் தீர்க்கப் பார்த்தது. அதில் நண்பர்கள் மூன்று பேர். முதலாமவருக்கு அனுப்பியவரைத் தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசி ஆளுக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. அழகான ஏற்பாடுதான். ஆனால் கடைசி வாசலில் உறை கிழிபடத்தான் வேண்டும். 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன் கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் தானே ஐந்து எக்ஸிட் நோட்களை நடத்தி, கடந்துபோனவற்றைக் கவனித்தார். தூதரகங்களும் அரசு அலுவலகங்களும் பாவித்த மின்னஞ்சல் கடவுச்சொற்கள் கையில் வந்து விழுந்தன. உள் உறை ஒட்டாமல் அனுப்பியிருந்தார்கள். தூதரகங்களே இப்படியென்றால் எங்கள் பிள்ளைகளை என்ன சொல்ல?

இதுவரை சொன்னது நாம் இன்னொருவரின் வாசலால் வெளியே போகும் கதை. எங்களைப் பயப்படுத்துவது மற்றக் கதை: முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டு வாசலால் வெளியே போவது.

பெரிய சேர்வர்களின் முகவரிகளைத் தளங்கள் இலகுவாக அடையாளம் கண்டு தடுத்துவிடும். சாதாரண வீட்டு இணைப்பின் முகவரியை அப்படித் தடுப்பது கஷ்டம். அதனால் வீட்டு முகவரிக்குச் சந்தையில் விலை இருக்கிறது. 2015இல் ஹோலா என்ற பிரபலமான இலவச விபிஎன், தன் இலவசப் பாவனையாளர்களின் இணைப்பையே எக்ஸிட் நோடாக்கி, லுமினாட்டி என்ற சேவை மூலம் காசுக்கு விற்றது வெளிச்சத்துக்கு வந்தது. இலவசம் என்று நினைத்தவர்கள்தான் அங்கே விற்பனைச் சரக்கு.

அதைவிட மோசமானது 911 எஸ்5. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவசச் செயலிகளுக்குள்ளும், திருட்டு மென்பொருட்களோடு சேர்த்தும், வீட்டு விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைந்தது. 2024 மேயில் அமெரிக்க அதிகாரிகள் அதைக் கைப்பற்றினார்கள். அவர்களின் கணக்கில் 1 கோடியே 90 லட்சத்துக்கு மேற்பட்ட ஐபி முகவரிகள், 200க்குக் கிட்டிய நாடுகள். அந்த வீடுகளின் பெயரில் நடந்தவை என்ன தெரியுமா? கொவிட் நிவாரண மோசடி, குண்டு மிரட்டல், சிறுவர் துஷ்பிரயோகப் படங்கள். கணினியின் சொந்தக்காரர் அப்போது தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

குண்டு மிரட்டல் என்ற சொல்லை இன்னொரு தடவை வாசியுங்கள். உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணை 2019இல் விளக்கமறியலில் வைத்த நாடு இது. ஒரு மிரட்டல் மின்னஞ்சலின் முகவரி ஏறாவூரிலோ மாவனல்லையிலோ ஒரு வீட்டு ரவுட்டரில் போய் நின்றால், "அது ப்ரொக்ஸி சேர், எங்க மகன் அனுப்பல்ல" என்று யாரிடம் விளக்குவது? அதை விளங்கிக்கொள்ளும் அதிகாரி வரும்வரைக்கும் பிள்ளை எங்கே இருப்பான்? மொபைல் டேட்டாவில் ஒரே முகவரியைப் பல ஃபோன்கள் பகிர்கின்றன என்பது உண்மை. வீட்டு இணைப்பில் அந்தச் சமாதானமும் பெரும்பாலும் இல்லை.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைத் திட்டாமல் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஃபோன் செட்டிங்ஸில் விபிஎன் என்று தேடிப் பாருங்கள். எத்தனை இருக்கிறது என்று தெரியும். யார் நடத்துகிறார்கள் என்று சொல்ல முடியாத இலவசச் செயலிகளையும், "உங்கள் மீதி டேட்டாவைப் பகிர்ந்து உழையுங்கள்" என்று காசு தருபவற்றையும் அழித்துவிடுங்கள். வீட்டுக் கணினியில் கிரேக் பண்ணிய கேம் இருந்தால் அதையும்தான். தேவையென்றால் காசு கொடுத்து, நடத்துபவர் யாரென்று தெரிந்த ஒன்றை மட்டும் வைத்திருங்கள். அடுத்த முடக்கம் வரும் இரவில் அவசரப்பட்டுத் தேடுவதைவிட இப்போதே பார்த்து வைப்பது லேசு. சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள், இஷாவுக்குப் பிறகு பதில் போடுகிறோம்.