‘தெரியும்’னா என்ன பாஸ்?

ஹாஸ்டல்ல நைட் ஒரு மணிக்கு ‘விட்ச்சர்’ கேம் ஆடியிருக்கீங்களா? நானும் என் ரூம்மேட்டும் அதுக்கு அடிமை. போலந்துல உருவான கேம். அங்கே அதோட பேரு ‘வியெஜ்மின்’. 1986-ல் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி எழுதின சிறுகதைக்கும் அதுதான் தலைப்பு. போலிஷ்ல ‘வியெஜ்மா’ன்னா சூனியக்காரி. அதுக்கு ஆண்பால்தான் வியெஜ்மின். சரி, வியெஜ்மாவுக்கு வேர் அர்த்தம்? ‘விஷயம் தெரிஞ்சவள்’. அவ்வளவுதான் மேட்டர்!

இதுக்குப் பின்னாடி ஒரு பாட்டி இருக்கு: *வேதேதி. முன்னாடி இருக்குற நட்சத்திரம் சும்மா டிசைன் இல்லை. ‘இந்தச் சொல்லை யாரும் எழுதி வெச்சுட்டுப் போகலை, பேரப்பிள்ளைகளை ஒப்பிட்டு மொழியியல்காரங்க மீட்டெடுத்தது’ன்னு அர்த்தம். சுமார் 1,500 வருஷம் முன்னாடி ஸ்லாவ் மக்கள் பேசின ஆதி மொழியோட வினைச்சொல் அது. போலிஷ்ல ‘வியெஜெச்’, செக் மொழியில ‘வியெதெத்’, ஸ்லோவேனியன்ல ‘வேதெத்தி’... எல்லாத்துக்கும் இன்னிக்கும் ‘அறிதல்’னுதான் பொருள்.

பாட்டிக்கும் ஒரு பாட்டி உண்டு. அந்த இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் ‘பார்’! ‘பார்த்துட்டேன், அதனால தெரியும்’னு பார்வையே அறிவா மாறிடுச்சு. லத்தீன்லேர்ந்து வந்த ‘வீடியோ’, சமஸ்கிருதத்துலேர்ந்து நாம வாங்கின ‘வேதம்’, ‘வித்தை’ எல்லாம் இதே வம்சம். தமிழ் வேற குடும்பம்தான். ஆனா, ‘மலை தெரியுது’, ‘விடை தெரியும்’... நமக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் ஒரே சொல். செம இல்ல?

இதை ஏன் தோண்டினேன்னு கேக்கறீங்களா? போன மாசம் எங்க லேப்ல ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர் புகைஞ்சுபோச்சு. பழி விழுந்தது கடைசியா அந்த டேபிள்ல உட்கார்ந்திருந்த ஒரு பையன் மேல. புகைய வெச்சது என் ரூம்மேட். அன்னிக்கு நைட் அவனே எங்கிட்ட சொன்னான். மறுநாள் ஹெச்.ஓ.டி. எல்லாரையும் நிறுத்தி வெச்சு, “யாராவது பார்த்தீங்களாப்பா?”ன்னு கேட்டார்.

“பார்க்கலை சார்.”

உண்மைதான். நான் பார்க்கலை. ஆனா, எனக்குத் தெரியும். அந்தப் பையன் 1,500 ரூபா ஃபைன் கட்டினான்.

இங்கேதான் ரஷ்ய மொழி என்னை மாட்டிவிட்டுச்சு. ரஷ்யன்ல சாட்சிக்கு ‘ஸ்விதேத்தெல்’னு பேரு. ‘பார்க்கறது’ங்கிற சொல்லோட ஒலி அதுல ஒட்டியிருக்கு. ஆனா, அது பிற்பாடு மாறின உருவம். பழைய ஸ்லாவிய உருவத்துல உள்ளே இருந்தது பாட்டியோட ‘அறிதல்’. ஆக, பார்த்தவன் மட்டும் சாட்சி இல்லை, தெரிஞ்சவனும் சாட்சி. அதே வேரோட ‘கூட’ங்கிற முன்னொட்டு சேர்ந்து இன்னொரு சொல்லும் இருக்கு: ‘சோவெஸ்த்’. அர்த்தம், மனசாட்சி!

நேத்து நைட் கேமை பாஸ்ல போட்டுட்டு இந்தக் கதையை ரூம்மேட்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டிருந்தான். அப்புறம், “எவ்ளோடா வெச்சிருக்கே?”ன்னான். எங்கிட்ட 600, அவன்கிட்ட 900.

முதல்ல அந்தப் பையன் ரூமுக்கு, அப்புறம் ஹெச்.ஓ.டி. ரூமுக்கு. கிளம்பறோம் பாஸ்!