மூன்று குறுஞ்செய்திகளும் ஓர் அமானிதமும்



சென்ற ஷஅபான் மாத இறுதியில், மதரஸாவின் ஆண்டுக் கணக்கை ஜமாஅத்திடம் ஒப்படைப்பதற்காக, வங்கியில் பெற்ற ஸ்டேட்மெண்ட்டையும் நமது கைக்கணக்கு நோட்டையும் அருகருகே வைத்துச் சரிபார்த்துக் கொண்டிருந்தோம். இரண்டுக்கும் இடையே 2,655 ரூபாய் உதைத்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தும் நம் நோட்டில் பிழை தெரியவில்லை. பிறகுதான் ஸ்டேட்மெண்ட்டில் சிறிய எழுத்தில் இருந்த மூன்று வரிகள் கண்ணில் பட்டன. சராசரி இருப்புக் குறைவுக்காக, காலாண்டுக்கு 750 ரூபாய் கட்டணமும் அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 135 ரூபாயும் சேர்த்து, முறைக்கு 885 ரூபாய் வீதம் மூன்று முறை பிடித்திருந்தார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இது அற்பத் தொகையாக இருக்கலாம். நம் மதரஸாவுக்கு இடியாப்பம் விற்று வாழும் நன்னி ஒருவர் மாதந்தோறும் 200 ரூபாய் தருகிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் நோட்டுகளை அவிழ்த்து எண்ணித் தருவார். ஓராண்டுக்கு அவர் தருவது 2,400 ரூபாய். அவருடைய ஓராண்டு சதகா முழுவதும், அதற்கு மேலும் 255 ரூபாயும், எந்தப் பிள்ளைக்கும் ஓர் எழுத்தைக்கூடக் கற்றுத் தராமல் கரைந்து போயிருந்தது.

முதலில் வங்கியின் மீதுதான் கோபம் வந்தது. ஆனால் கைபேசியைத் துழாவியபோது அந்தக் கோபம் நம்மை நோக்கித் திரும்பியது. மூன்று காலாண்டுகளிலும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. விளம்பரம் என்று எண்ணி நாம் அவற்றைத் திறக்கவே இல்லை. அதே மாதங்களில்தான் மேல்வகுப்பு மாணவர்களுக்கு அமானிதம் பற்றிய ஃபிக்ஹுப் பாடத்தை நடத்திக் கொண்டிருந்தோம். ஒப்படைக்கப்பட்ட பொருள், பொறுப்பாளரின் வரம்பு மீறலோ கவனக்குறைவோ இன்றி அழிந்தால், அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கவனக்குறைவு இருந்தால் ஈடு செய்தாக வேண்டும் என்பது அப்பாடத்தின் சாரம். பாடம் கிதாபில் இருந்தது. அதற்கான தேர்வு நமது சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

நடப்புக் கணக்கை நாம் தேர்ந்தெடுத்ததற்கு மார்க்கக் காரணம் உண்டு. இந்தியாவில் நடப்புக் கணக்குக்கு வங்கிகள் வட்டி தருவதில்லை. இக்கணக்கில் நாம் இடும் பணம் வங்கிக்கு நாம் கொடுக்கும் கடன் என்ற நிலையை உடையது என, 1995-இல் அபுதாபியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்துள்ளது. கொடுத்த கடனுக்கு மிகுதி எதுவும் பெறாததால் மனம் நிம்மதியாக இருந்தது. வட்டி இல்லை என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டோம், நிபந்தனைகளை வாசிக்கவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு பணிக்கும் வசனம்தான் (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாமே, எழுதித் தரப்பட்டதைப் படிக்காமல் விட்டோம்.

சராசரி இருப்பு என்றால் என்ன என்பதைப் பலரும் தவறாக விளங்கியிருக்கிறோம். கணக்கில் எப்போதும் 10,000 ரூபாய் கிடக்க வேண்டும் என்பதல்ல அதன் பொருள். ஒவ்வொரு நாளின் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். நம் மதரஸாவில் மாதத்தின் முதல் 5 நாட்கள் சுமார் 30,000 ரூபாய் இருக்கும். உஸ்தாதுகளின் ஊதியமும் மின்கட்டணமும் போனபின், மீதி 25 நாட்கள் 4,000 ரூபாய் கிடக்கும். கூட்டினால் 1,50,000-மும் 1,00,000-மும் ஆக 2,50,000. அதை 30-ஆல் வகுத்தால் 8,333. வங்கி கேட்டது 10,000. இவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கை நாம் போட்டுப் பார்க்கவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. ஊதியத்தை 2 நாட்கள் தள்ளிக் கொடுத்தால் சராசரி 10,000-ஐத் தாண்டிவிடும் என்றார் ஒருவர். கணக்குச் சரிதான். ஆனால் உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காதே என்று கற்றுத் தந்த நபியின் உம்மத்தினர், கட்டணம் தவிர்ப்பதற்காக உஸ்தாதின் வீட்டு அடுப்பைக் காக்க வைப்பது தகுமா?

இன்னொருவர், சேமிப்புக் கணக்குக்கு மாறி, அதில் விழும் வட்டியைக் கொண்டே வங்கிக் கட்டணத்தை நேர் செய்யலாம் என்றார். வட்டியாக வந்த பணத்தை நன்மையை நாடாமல் ஏழைகளின் தேவைக்குக் கொடுத்து வெளியேற்றி விடுமாறுதான் நம் ஆலிம்கள் வழிகாட்டுகிறார்கள். நம் மீதுள்ள செலவை அதைக் கொண்டு அடைப்பது, அதிலிருந்து நாம் பயன் அடைவதாகாதா? பேணுதலான பக்கத்தில் நிற்பதே நல்லது என முடிவு செய்தோம்.

மூன்றாமவர் தம் சொந்தப் பணம் 10,000 ரூபாயைக் கணக்கில் போட்டு வைக்க முன்வந்தார். அவருடைய நல்ல எண்ணத்துக்கு அல்லாஹ் கூலி வழங்குவானாக! ஆயினும் தனிமனிதரின் பணமும் பொதுப்பணமும் ஒரே கணக்கில் கலந்தால், நாளை அவருக்கோ நமக்கோ மவ்த் வரும்போது வாரிசுகளுக்கு எது எவருடையது என்று யார் சொல்வது?

இறுதியில் எளிய வழியே மிஞ்சியது. பேருந்தில் சென்று வர வேண்டிய தொலைவிலுள்ள ஒரு வங்கிக் கிளையில், 5,000 ரூபாய் சராசரி மட்டும் கேட்கும் நடப்புக் கணக்கு இருந்தது. நம் வழக்கமான இருப்பே அதற்குப் போதும். இம்முறை கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி, காசோலை, ரொக்க வைப்பு, கணக்கு முடிப்பு ஆகியவற்றுக்கான கட்டணங்களை ஒவ்வொன்றாக வாசித்த பிறகே கையெழுத்திட்டோம். பழைய கணக்கை மறக்காமல் எழுதிக் கொடுத்து முடித்தோம். கைவிடப்பட்ட கணக்கும் கட்டணத்தைத் தின்னக்கூடும்.

தனிநபர்களாகிய நம் குடும்பங்களுக்கு இன்னும் எளிய வழிகள் உள்ளன. குறைந்தபட்ச இருப்பே கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை ரிசர்வ் வங்கி 2012-இலேயே ஏற்படுத்தியது. ஜன் தன் கணக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் கவனிக்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி 2020-இலும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இருப்புக் குறைவுக் கட்டணத்தை நீக்கிவிட்டன. கட்டணம் விதிக்கும் வங்கியும், முதலில் அறிவிப்புக் கொடுத்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதமேனும் அவகாசம் தர வேண்டும். குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் பிடிக்க வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கியின் விதி. இது சேமிப்புக் கணக்குகளுக்கு உரியது. சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியைத் தனியே குறித்து வைத்து, முன்சொன்னவாறு வெளியேற்றி விடுவது நம் பொறுப்பு.

அந்த 2,655 ரூபாயை நாம் நமது ஊதியத்திலிருந்து இரண்டு தவணைகளில் மதரஸாவுக்குச் செலுத்தினோம். நிர்வாகிகள் வேண்டாம் என்றார்கள். கிதாபில் உள்ள சட்டம் பிறருக்கு மட்டும் உரியதல்லவே! அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நடந்ததை ஜமாஅத் முன்னிலையில் சொன்னோம். நன்னியிடம் தனியாகவும் சொன்னோம்.

"அப்ப நான் குடுத்த காசு புள்ளைங்களுக்குப் போய்ச் சேரலையா ஹஜரத்?" என்று கேட்டார். சற்று நேரம் நமக்கு வாய் எழவில்லை. இப்போது சேர்ந்துவிட்டது என்றோம். தலையசைத்தவர், வழக்கம்போல் முந்தானை முடிச்சை அவிழ்த்து 200 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, "இனிமே பேங்க்காரன் எடுக்க மாட்டான்ல?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே இப்போது ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி கணக்கின் இருப்பைப் பார்க்கிறோம். வங்கியின் குறுஞ்செய்தி எதையும் படிக்காமல் விடுவதில்லை. பள்ளிவாசல், மதரஸா, ஜகாத் நிதி ஆகியவற்றின் கணக்கைக் கையில் வைத்திருக்கும் சகோதரர்களும் இன்றே ஒருமுறை ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பார்க்குமாறு அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்.

சிறிதோ பெரிதோ, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை முறையாகப் பேணி, உரியவர்களிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.