கொடும்பாளூரில் மூன்று வழி

புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு காப்பிக்கடை. சாயங்கால வேளை. எல்ஆர்டி ரயில் இரைந்துகொண்டு போகும்போதெல்லாம் அந்தப் பெரியவர் பேச்சை நிறுத்துகிறார். போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்கிறார்.

மேசையில் தமிழ்நாட்டு வரைபடம். மடிப்புக் கிழிசலெல்லாம் ஒட்டியிருக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையில் தே ஓ குவளை. எதிரே பள்ளிச் சீருடையில் பேத்தி. ஹோமரின் இலியத்தை நம்பி, 1870களில் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டி டிராய் நகரைத் தேடிய ஷ்லீமனைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தவள் நிமிர்கிறாள்.

"நம்மள்ல யாராவது இப்படித் தேடினாங்களா தாத்தா?"

"தோண்டல. நடந்தாரு."

கரந்தைப் புலவர் கோவிந்தராசனாரைச் சொல்கிறார். சிலப்பதிகாரத்து ஊர்களையும் ஆறுகளையும் ஒத்துப் பார்த்தபடி பூம்புகாரிலிருந்து வழிபிடித்துப் போனவர். கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறைக் காட்டில் சிதைந்து கிடந்த மங்கலதேவி கோயில்தான் கண்ணகி கோட்டம் என்று 1963இல் அடையாளம் காட்டியவர். பெயரைச் சொல்லும்போது பெரியவரின் குரலில் சொந்த வாத்தியாரைச் சொல்லும் மரியாதை.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன வழியில் விரல் காவிரியின் வடகரையோடு நகர்கிறது. திருவரங்கம், ஆற்றைக் கடந்து உறையூர், பிறகு கொடும்பாளூர். அங்கே நின்றுவிடுகிறது. பென்சிலால் மூன்று கோடு இழுக்கிறார்.

"இந்தக் குளக்கரைல பாதை சூலம் மாதிரி மூணாப் பிரியுதாம். வலப்பக்கம் போனா சிறுமலை. இடப்பக்கம் அழகர்மலை. நடுவுல காட்டுவழி."

அவளுக்கு ஒப்பவில்லை. "சிறுமலை இடப்பக்கம்ல இருக்கு?"

பெரியவர் பதில் சொல்லாமல் குவளையை மட்டும் தூக்கிக்கொள்கிறார். ஒரு கணம் யோசித்தவள், தெற்கு மேலே வரும்படி வரைபடத்தையே திருப்பிவைக்கிறாள். சிறுமலை வலப்பக்கம் வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே பெண் மதுரைக்கு நடக்கத் தொடங்கிவிட்டாள்!

"அவங்க எதுல போனாங்க?"

"நடுவழி. அங்கதான் கானுறை தெய்வம், கோவலனுக்குத் தெரிஞ்ச வசந்தமாலை உருவத்துல வந்து அவனை மயக்கப் பாக்குது."

நடுக்கோட்டை அவளே மதுரை வரைக்கும் இழுக்கிறாள். அங்கிருந்து வைகைக் கரையோடு மேற்கே போகும் கோடு கண்ணகிக்கு மட்டும்.

"கோயிலுக்குப் போலாமா தாத்தா?"

"புலிகள் காப்பகம்மா. வருஷத்துல சித்ரா பௌர்ணமி ஒருநாள்தான் விடுவாங்க. உனக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே."

"அப்ப ஜூன் லீவுல கொடும்பாளூர் போலாம். அந்தக் குளம் இருக்கான்னு பாக்கணும்."