சொட்டு நீலம் சொன்ன சாட்சி



'சிறு துளி பெருவெள்ளம்' என்பார்கள். செல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலோ சிறு துளி பெரும் சண்டையாகிவிட்டது. மூன்று போர்ஷனுக்கும் மாடியில் ஒரே தொட்டி, கீழே ஒரே கழிப்பறை. சாயங்காலம் நிரப்பும் தண்ணீர் மறுநாள் வரை நிற்பதில்லை. "ஏம்மா, தண்ணிய இப்பிடிப் புழங்குனா வீட்டக் காலி பண்ணிக்கங்க" என்று வீட்டுக்காரர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். தெருக்குழாயில் குடம் குடமாய்ச் சுமந்து வளர்ந்தவர் அம்மா. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

நான் சிவில் மாணவன். அளக்காமல் பேசக்கூடாது அல்லவா? மறுநாள் இரவு 11 மணிக்கு, கழிப்பறையில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்தேன். காலை 5 மணிக்கு, யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடியும் அளந்தேன். நாலு விரல் இறங்கியிருந்தது. தொட்டியின் விட்டம் இரண்டேமுக்கால் அடி. கணக்குப் போட்டால் சுமார் 40 லிட்டர்! ஊரே தூங்கும்போது தண்ணீர் போனால் குற்றம் ஆளிடமா, குழாயிடமா?

குழாய் மூட்டுகளைப் பழைய பேப்பரால் துடைத்துப் பார்த்தேன், ஈரமில்லை. அடுத்து, வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு விட்டு, தண்ணீரை இழுத்து விடாமல் காத்திருந்தேன். இருபது நிமிஷத்தில் பீங்கானில் நீலம் இறங்கிவிட்டது! உள்ளே ரப்பர் வாஷர் கல்லாய் இறுகிக் கிடந்தது. அதை மாற்றியதும் மறுநாள் குச்சியில் அளவு மாறவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரிம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றார் அம்மாவிடம். அம்மா அவருக்குக் காபி கொடுத்தார்.

இன்னொன்று. குளிக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் உடனே ஆசிட் ஊற்றாதீர்கள். சல்லடை மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் முடியும் சோப்புப் பிசுக்கும்தான் இருக்கும். அதற்குக் கீழே டிராப்பில் நிற்கும் தண்ணீரை அடைப்பு என்று நினைக்க வேண்டாம்; சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பதே அதுதான்.

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் கடந்து நம் மதுரைக்குக் குடிநீர் வருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் ஒரு வாஷரில் தோற்கலாமா? இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலும் ஒரு குச்சி, நாலு சொட்டு நீலம் எடுத்துப் பாருங்கள். ஆளைக் குறை சொல்லுமுன் குழாயை விசாரிப்போம்!