புகைக்கூடத்து உழைப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மார்ச் 4, பிரிக்ஃபீல்ட்ஸ்

குளிர்காய அடுப்பு தேவைப்படாத நாடு மலேசியா. அதனால் ஐரோப்பியக் கிராமங்களில் ஏணியும் தூரிகையுமாக வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கியைச் சுத்தம் செய்தவருக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் கரியோடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர்கள் நம்மிடையே நிறையவே இருந்தார்கள். 1880களில் கோலாலம்பூரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் எரிந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். பிறகு அது ரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்பானது. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் சாம்பலையும் கரியையும் யாராவது வாரித்தானே ஆக வேண்டும். நாட்டுப்புறத்தில், கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில், இதே வேலை ரப்பரைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தில் நடந்தது. மரம் சீவியவரை நம் கதைகளும் மேடைகளும் நினைவில் வைத்திருக்கின்றன. சீவிய மரத்தின் பாலை விலைபோகும் ரப்பர் சீட்டாக, அதாவது தகடாக, ஆக்கியவரைப் பற்றிய பேச்சு அபூர்வம். தோட்ட நிர்வாகம் சீட்டின் தரத்தை அளந்த நுட்பத்தில் ஒரு பங்கைக்கூட அதைப் புகையில் பதப்படுத்தியவரின் உடம்புக்குச் செலவிடவில்லை. அந்தக் கணக்கை இப்போதாவது எழுதியாக வேண்டும் என்பதே என் வாதம்.

மார்ச் 9, கிள்ளான்

வேலையின் விவரம் தெரியாமல் அதன் பாரம் புரியாது. தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று சொல்லும் தொழிற்கூடத்தில் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளைகளுக்கு இடையே விட்டு நீர் பிழிந்து, வரிகள் பதித்து, கழிகளில் தொங்கவிட்டுப் புகைக்கூடத்துக்குள் ஏற்றுவார்கள். அங்கே சில நாட்கள் விறகு எரியும்; வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஏறினால் சீட்டில் கொப்புளம் கிளம்பும், கூடமே தீப்பிடிக்கவும் கூடும். இறங்கினால் ஈரம் தங்கிப் பூஞ்சை படரும். பூஞ்சையைத் தடுப்பவை விறகுப் புகையில் உள்ள பீனால் வகை வேதிப்பொருள்கள். அதே புகை கூரையிலும் கழிகளிலும் புகை செல்லும் குழாய்களிலும் தாராகவும் கரியாகவும் படியும். அது சீட்டின் மேல் சொட்டினால் தரம் குறையும் என்பதால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். ஆக, அடுப்பு பார்ப்பவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். காய்ந்த சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தார்கள். பழைய கூடங்களில் சீட்டுகளுக்குக் கீழேயே நெருப்பு எரிந்தது. பின்னர் வந்த வடிவமைப்புகளில் அடுப்பு சுவருக்கு வெளியே போனது. விறகு மிச்சமானது, தீ விபத்து அபாயமும் குறைந்தது. சரக்கு நட்டமாகும் என்று தெரிந்தால் கட்டடத்தையே மாற்றிக் கட்ட முடிந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

மார்ச் 15, பிரிக்ஃபீல்ட்ஸ்

புகையின் தீமை அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வந்த விதைப்பை புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதியது 1775இல். பிரிட்டனில் அந்தத் தொழிலைக் கட்டுப்படுத்திச் சிறுவர்களை மீட்ட சட்டம் 1875இல் வந்தது. மறு ஆண்டு, 1876இல்தான், ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அதாவது, மலாயாவில் முதல் புகைக்கூடம் எழும்புவதற்கு முன்பே, அதை எழுப்பிய முதலாளிகளின் தாய்நாட்டில் கரியின் ஆபத்து அச்சில் ஏறிவிட்டது. தெரியாது என்ற வாதம் நிற்காது. அடுத்து, நம் பாட்டிமார் விறகடுப்புப் புகையில் சமைத்து எண்பது வயது வாழவில்லையா என்பார்கள். பிழைத்தவரை மட்டும் எண்ணும் கணக்கு இது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புகைக்கரியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலிலும், வீட்டில் விறகெரிக்கும் புகையை அநேகமாக உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலிலும் வைத்திருக்கிறது. பாட்டி பட்ட துன்பம் தொழிலாளியின் துன்பத்தை நியாயமாக்காது. இரண்டுமே கவனிக்கப்படாத துன்பங்கள்.

மார்ச் 22, கிள்ளான்

தொழிலாளர்களே புகார் சொல்லவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கிள்ளான் மண்ணிலேயே பார்க்கலாம். 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கேட்கப்பட்டவை: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு, துரையையும் (தோட்ட மேலாளர்) கிராணியையும் (எழுத்தர்) கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு, கூடவே முறையான மருத்துவ வசதி. பதிலாக வந்தது துப்பாக்கிச் சூடு. நாதன் நாடு கடத்தப்பட்டார். அதன் பிறகும் வாய் திறக்காதவர்களை நலமாக இருந்தவர்கள் என்று படிப்பது அநியாயம்.

தொழிலே முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்றும் கேட்கலாம். 1965இல் மலேசியத் தர ரப்பர் என்ற கட்டி ரப்பர் வந்த பின் சீட்டின் இடம் சுருங்கியது. பிறகு செம்பனை வந்தது. பிராங் பெசார் என்ற ரப்பர் தோட்டம் புத்ராஜெயா நகரமே ஆனது. இவை உண்மை. ஆனால் கரி துடைக்கும் வேலை நகரத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. உணவகச் சமையலறைகளின் புகைக்குழாய்களில் எண்ணெயோடு இறுகும் கரியைச் சுரண்ட ஆட்கள் வேண்டியிருக்கிறது. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்நோய்களுக்கு இழப்பீடு உண்டு; 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அந்தச் சட்டத்தை நடத்தும் பெர்கேசோ அமைப்புக்குள் வந்துவிட்டார்கள்; 2024 ஜூன் முதல் தொழில் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் எல்லா வேலையிடங்களுக்கும் நீண்டிருக்கிறது. சட்டம் உதவ வேண்டுமானால் இன்னார் இன்ன வேலையை இத்தனை ஆண்டு செய்தார் என்ற சான்று வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு கூலிக்காக நாளை எண்ணியது, மூச்சை எண்ணவில்லை. ஆகவே தோட்டத் தொழிலாளர் சங்கமும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் இன்று உயிரோடிருக்கும் ஸ்டோர்த் தொழிலாளர்களிடம் வேலை, ஆண்டு, அடுப்பின் வகை, இருமல், தோல்நோய் என்று கேட்டு எழுதி வைக்கலாம். உணவக முதலாளிகளும் குழாய் துடைப்பவரின் பெயரையும் நேரத்தையும் பதிந்து, முகக்கவசமும் கையுறையும் கொடுக்கலாம். பழைய பதிவு முதியவர்களுக்கு நாம் பட்ட கடன். புதிய பதிவு, இன்னொரு தலைமுறையின் நோய்க்கும் சான்று இல்லை என்று யாரும் கைவிரிக்காதபடி நாம் செய்ய வேண்டிய காவல்.