உப்பு இறுகிய திருகு

வில்லியனூர் கடைத்தெருவில் முதலில் கண்ணில் பட்ட ஹார்டுவேர் கடைக்குள் போய், அலுமினியத்தில் எஸ்.எஸ். போல்ட் இறுகிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். கடைக்காரர் துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். விலை 240 ரூபாய். "அடிச்சுட்டு அரை மணி நேரம் விடுங்க, தானா கழண்டு வந்துடும்" என்றார். என் அக்கா மகன் அதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தான். போல்ட் அசையவே இல்லை. பெயிண்ட் வாங்க வந்திருந்த ஒருவர்தான் வழி சொன்னார்: "கடலோரத்துல எஞ்சின் வேலை பாக்குறவங்கதான் சார் இதுக்கு ஆளு. பனித்திட்டுப் பக்கம் போய்ப் பாருங்க."

அந்த போல்ட் இருந்தது ஒரு விங் ஃபாயில் செட்டில். கையில் பிடிக்கக் காற்றடைத்த இறக்கை. நிற்பதற்கு ஒரு பலகை. பலகையின் அடியில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு அலுமினிய மாஸ்ட், அதன் கீழ்முனையில் ஃபியூஸ்லேஜ் என்கிற குறுக்குத்தண்டு, தண்டின் முன்னும் பின்னும் கார்பன் இறக்கைகள். காற்று இழுத்து வேகம் பிடித்ததும், நீருக்குள் இருக்கும் இறக்கை பலகையையும் ஆளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். 2019இல் டுவோடோன், நெய்ஷ் ஆகிய நிறுவனங்கள் கையில் பிடிக்கும் இறக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு வேகமாகப் பரவிய விளையாட்டு இது. மருமகன் வாங்கியது ராமேஸ்வரம் பக்கம் ஓட்டிய பழைய செட். புதிதாக வாங்கினால் லட்சங்களில் போகும்.

பனித்திட்டுக்குக் கிளம்பினோம். வழியில் இருக்கும் பாகூர், மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று இந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஏரிக்கரை நிழலில் காரை நிறுத்தச் சொன்னான் மருமகன். கூரையில் கட்டியிருந்த பலகையைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. பலகையின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கிறது. உள்ளே முழுக்க தெர்மோகோல் வகை நுரை. வெயிலில் அதிலுள்ள காற்று விரிந்தால் வெளியேற வழி வேண்டும். வழி இல்லையென்றால் மேல்தோல் நுரையை விட்டு உப்பிப் பிரிந்துவிடும். பயணத்தில் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்கும் முன் மறக்காமல் மூட வேண்டும். அவன் அதைத் திறந்து வைத்தான்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் சிறிது நேரத்தில் பனித்திட்டு. மணலில் ஃபைபர் படகுகள் அணியத்தைக் கடலுக்குக் காட்டி வரிசையாகக் கிடந்தன. கருவாட்டு வாடையோடு ரெசின் நெடியும் கலந்து வந்தது. எஞ்சின் கொட்டகை தகரக் கூரை போட்டது. மரச்சட்டத்தில் மாட்டிய அவுட்போர்டு எஞ்சின் ஒன்று, கால் பாகம் நீல பிளாஸ்டிக் டிரம்முக்குள் முங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் சன்னமாகப் பீய்ச்சியது.

"பத்து நிமிஷம் இப்படி ஓடணும் சார். உள்ள நிக்கிற உப்பெல்லாம் வெளிய வந்துடும்" என்றார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தண்ணீர் காய்ந்தாலும் அந்த உப்பு இடுக்கில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் விங் ஃபாயிலுக்கும் முதல் பாடம் இதுதான்: ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவு. எங்கள் மாஸ்ட்டைக் கழுவலாம் என்று கொட்டகைப் பையன் பக்கத்திலிருந்த கைப்பம்பைக் காட்டினான். "நல்ல தண்ணிதாண்ணே" என்றான். ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். கரித்தது. பிறகு டிரம்முக்குப் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், அதில் உப்பே இல்லை. மெக்கானிக் எஞ்சினுக்குக் குழாய்த் தண்ணீரை மட்டும்தான் ஊற்றுகிறார். கடலோரத்தில் கழுவுகிறவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவுவது நல்லது.

பெஞ்சில் சாம்பல் நிறக் கட்டி ஒன்று கிடந்தது. எஞ்சினின் காலில் மாட்டும் ஜிங்க். பாதி கரைந்து, மேலெல்லாம் குழி விழுந்து, நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. "இது தேயுதுன்னா எஞ்சின் தேயலைன்னு அர்த்தம். இது அப்படியே புதுசா இருந்தாத்தான் கவலப்படணும்" என்றார். இரண்டு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் மின்சாரம் ஓடும். எளிதில் கரையும் உலோகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டுக்குச் சொன்ன அதே யோசனை, இங்கே பெஞ்சில் கிடக்கிறது.

மருமகனின் ஃபாயிலில் ஜிங்க் கிடையாது. எஸ்.எஸ். போல்ட்டும் கார்பனும் சேர்ந்திருக்கும் இடத்தில் கரைவது அலுமினியம்தான். மாஸ்ட்டையும் ஃபியூஸ்லேஜையும் பிணைக்கும் மூன்று எம்8 போல்ட்டில் இரண்டு கழன்றுவிட்டன. மூன்றாவதன் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. மெக்கானிக் ஆணி நுனியால் அதைக் கீறினார்.

"எத்தினி நாளா கழட்டலை தம்பி?"

"வாங்குனதுலேர்ந்து அப்படியேதான் இருக்குண்ணே."

கேஸ் டார்ச்சை எடுத்தார். "மாமா, கார்பன் இருக்கு" என்று மருமகன் என் காதில் பதறினான். கார்பன் இறக்கையைப் பிடித்து வைத்திருப்பது எபாக்சி; சூடு அதிகமானால் இளகிவிடும். சொன்னதும் அவர் டார்ச்சைக் கீழே வைத்தார், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. முன் இறக்கை, பின் இறக்கை இரண்டையும் முதலில் கழற்ற வைத்தார். பிறகு பையனை டீக்கடைக்கு அனுப்பி ஒரு சொம்பு கொதிநீர் வாங்கிவரச் சொன்னார்.

அடுத்து நடந்ததை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போல்ட்டின் மேல் ஊற்றாமல், அதைச் சுற்றியிருந்த அலுமினியத்தின் மேல் கொதிநீரை மெதுவாக ஊற்றினார். ஒரே சூட்டில் அலுமினியம் எஸ்.எஸ்.ஸைவிட அதிகம் விரியும். 100 டிகிரி ஏறினால் மீட்டருக்கு 2.3 மில்லிமீட்டர், எஸ்.எஸ்.ஸுக்குச் சுமார் 1.7. மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும். இம்பாக்ட் டிரைவரைப் போல்ட் தலையில் பொருத்தி, சுத்தியலால் ஒரு தட்டு. அதுவும் கழற்றும் பக்கம் இல்லை, முதலில் இறுக்கும் பக்கம். "இறுக்கத்தை உடைக்கணும் சார், அதுக்கப்புறந்தான் கழட்டணும்." மறுபடி கொதிநீர், மறுபடி தட்டு. மூன்றாவது முறை 'டிக்' என்று ஒரு சத்தம். முகத்தில் சிரிப்பில்லாமல் அவர் சாவியைத் திருப்ப, போல்ட் வெள்ளைப் பொடியைக் கொட்டிக்கொண்டே மேலே வந்தது.

துளைக்குள் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, கழுவி, துணித் திரியால் ஈரம் எடுத்தார். போல்ட்டின் புரி முழுக்க நீல நிற கிரீஸ் தடவினார். உப்பு இரண்டு உலோகத்துக்கும் நடுவில் போகாமல் அந்த கிரீஸ்தான் தடுக்கிறது. ஒவ்வொரு முறையும் கழற்றி, கழுவி, காயவைத்து, கிரீஸ் போட்டு மாட்டினால் கொதிநீருக்கே வேலையில்லை. கூலி 300 ரூபாய் கேட்டார். மூன்றாவது போல்ட்டின் புரி தேய்ந்திருந்ததால் வேறு மாற்றச் சொன்னார், எஸ்.எஸ்.ஸிலேயே 316 என்று கேட்டு வாங்க வேண்டுமாம்.

பலகையின் மூக்கில் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பொத்தல் இருந்தது. நான்கு படகு தள்ளி ஃபைபர் வேலை நடந்துகொண்டிருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் பெருகியது. ஒட்டத் தெரிந்தவர்களும் கூடவே பெருகினார்கள். வேலை செய்தவர் ரெசினில் முதலில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கினார். அதன் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும், அதனால் பாட்டில்களையே எட்ட எட்ட வைத்திருந்தார். எங்கள் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒரு துண்டு மேட்டு, ரெண்டு கோட்டிங். 200 ரூபா. ரெசின் எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த உடைந்த மீன் பெட்டியிலிருந்து தெர்மோகோல் துண்டு ஒன்றைப் பிய்த்து, அவருடைய டப்பாவில் ஒட்டியிருந்த ரெசினில் வைக்கச் சொன்னேன். வைத்தார். ஓரங்கள் உடனே சுருங்கின. கொஞ்ச நேரத்தில் கையகலத் துண்டு பிசுபிசுவென்று அடியில் படிந்தது. படகு ரெசின் பாலியெஸ்டர். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். படகின் உள்ளே நுரை இல்லாத இடத்தில் அதே ரெசின் பல வருஷம் உழைக்கிறது. இந்தப் பலகைக்கு எபாக்சிதான். அவர் டப்பாவையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத தொடமாட்டேன் சார், எபாக்சி வாங்கியாங்க, நானே ஒட்டித் தர்றேன்" என்றார். இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் ஆளிடம்தான் பலகையைக் கொடுக்க வேண்டும் என்று மருமகனிடம் சொன்னேன்.

திரும்பும் வழியில் வலைக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தோம். வலைக் குவியல்கள் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. வெளியே விட்ட பழைய வலையின் இழையை ஒரு பெரியவர் இரண்டு விரலால் இழுத்தார், இற்று விழுந்தது. "வெயிலு தின்னது" என்றார். விங்கின் பாலியெஸ்டர் துணிக்கும் அதேதான். ஓட்டி முடித்துக் கரையில் காற்றோடு வெயிலில் விட்டால் துணி இற்றுப்போகும், உள்ளே காற்று சூடாகி விரிந்து பிளாடர் என்கிற காற்றுப்பையின் ஒட்டுகளையும் இழுக்கும். கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, மணலைத் தட்டிவிட்டு மடிக்க வேண்டும். காற்று கசிந்தால் சைக்கிள் டியூபுக்குச் செய்வதைப் போலவே சோப்பு நுரை தடவித் தேடலாம்.

எபாக்சிக்குப் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். அதற்குள் பலகைக்குள் போன தண்ணீர் வடிய வேண்டும். ஈரத்தின் மேல் எபாக்சி பிடிக்காது. மூக்கைக் கீழே சாய்த்து, மேல் திருகைத் திறந்து, மருமகன் அதை வில்லியனூர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருக்கிறான். இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு.